கூப்பிட்டால் வராத குட்டி

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூத்தவன் முருகேசன் கோயம்புத்தூரில் போலீஸ், இளையவன் பட்டாளம், பெண்கள் மூன்று பேரும் அவரவர் வீட்டில் நன்றாக இருக்கிறார்கள். வளர்த்த கன்றுகளுக்குக் கணக்கில்லை. எதையாவது வளர்ப்பது பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்கிற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அந்த நினைப்போடுதான் ராஜபாளையத்துக்கு நாய்க்குட்டி எடுக்கப் போனேன்.

மகாராஜபுரத்திலிருந்து ராஜபாளையம் ஒன்றும் சீமை இல்லை. ஆனால் வத்திராயிருப்பு கடைத்தெருவைத் தாண்டினால் எனக்கு எல்லாம் வெளியூர்தான். தண்ணீர் ருசி மாறிவிடும், காபியில் சிக்கரி கூடிவிடும், தலையணை உயரம் ஒத்துவராது. அதனால் காரியம் இல்லாமல் நான் எங்கேயும் போகிறதில்லை.

காரியம் இதுதான். என் வீட்டுக்காரர் போன பிறகு தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறேன். தென்னை இருக்கிறது, இரண்டு மாடு இருக்கிறது, நெல் போட ஒரு வயல் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்பு நான் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, எவனோ வேலியைத் தாண்டி வந்து கிணற்று மோட்டாரின் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டான். அப்போது மணி என்று ஒரு நாய் வைத்திருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், மணி பன் சுற்றின காகிதத்தை நக்கிக்கொண்டு சந்தோஷமாக வாலை ஆட்டுகிறது.

முருகேசன் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டான். "கோயம்புத்தூருக்கு வந்திரும்மா. உனக்குன்னு ரூம் இருக்கு, டிவி இருக்கு, லிஃப்ட் இருக்கு."

"லிஃப்டுல ஏறி நான் எங்கலே போக?" என்றேன். "ஒரு நல்ல ராஜபாளையம் நாய் வளத்துக்கிடுதேன். பொறவு எவன் உள்ள வாரான்னு பாப்போம்."

ராஜபாளையத்தில் பரம்பரையாக நாய் வளர்க்கிற ஒருவரிடம் சொல்லி வைத்தேன். ராஜாக்கள் வீட்டு மனுஷர், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவர் பெயரைச் சொல்ல வேண்டாம், ராஜா என்றே வைத்துக்கொள்வோம். முதல் தடவை நாய் சினை பிடிக்கவில்லை. அடுத்த ஈற்றில் இரண்டே குட்டி, அவை எனக்கு முன்னால் சொல்லி வைத்தவர்களுக்குப் போய்விட்டன. ரோட்டோரத்தில் கூண்டில் வைத்து விற்கிறார்களே, அதில் ஒன்றை வாங்கிப் போட்டால் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். வெள்ளையாக இருப்பதெல்லாம் பால் ஆகாது. நான் காத்திருந்தேன்.

போன வருடம் தைப்பொங்கலுக்கு வந்த முருகேசனுக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டு வருசமா நாய் வருது நாய் வருதுங்க. அடுத்த தை வரைக்கும் பாக்கேன். நான் வரும்போது யாரையும் உள்ள விடாத நாயா ஒண்ணு இங்க நிக்கணும். இல்லைன்னா மாட்டை வித்துட்டு நீ என்கூட வார."

"சரிலே" என்றேன். பங்குனியில் ராஜாவிடமிருந்து போன் வந்தது. குட்டிகள் கண் திறந்து ஓடுகின்றன, வாங்க என்றார். வரும்போது நான் உடுத்திக் கழித்த சேலை ஒன்றைத் துவைக்காமல் கொண்டுவரச் சொன்னார்.

முதல் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கை பாக்கியம் வீட்டில் இறங்கினேன். தேரடிக்குப் பக்கத்தில் வீடு. தெருவில் கால் வைத்ததுமே பால் சுண்டுகிற வாசம். எங்கள் ஊரில் பால் என்றால் கறந்தோம், குடித்தோம், மிச்சத்தை உறை ஊற்றினோம். இங்கே அதைப் போட்டுக் கிண்டு கிண்டென்று கிண்டி, கட்டியாக்கிப் பெட்டியில் அடைத்துவிடுகிறார்கள். பாக்கியம் ஒரு தட்டில் பால்கோவா வைத்துக் கொடுத்தாள். ருசிதான். ஆனால் என் மாட்டுப் பாலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

நான் பையிலிருந்து அழுக்குச் சேலையை எடுத்துக் காட்டியதும் அவள் சிரித்த சிரிப்புக்கு அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"அழுக்குச் சேலையோட பொண்ணு பாக்கப் போறவ நீ ஒருத்திதான்க்கா."

"வாசம் பழகணுமாம்ட்டி."

"உன் வாசம் பழகி நாங்களே எம்புட்டுப் பாடு பட்டோம். அதுக வாயில்லா சீவன்."

மறுநாள் காலை ராஜபாளையம் பஸ் ஏறினேன். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், கரண்ட் எடுக்கிற காற்றாடிக்கு மாட்டுகிற ரெக்கை ஒன்றை நீள லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஒரு ரெக்கைதான், ஆனால் எங்கள் தெரு நீளம் இருந்தது. திருப்பத்தில் அதை வளைக்க முடியவில்லை. முன்னால் ஒரு ஆள் கொடி காட்டுகிறார், பின்னால் ஒரு ஆள் கத்துகிறார், லாரி ஒரு முழம் போகும், அரை முழம் பின்னால் வரும். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கி டீக்கடையில் நின்றார்கள். நானும் ஒரு டீயும் உளுந்தவடையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இது போய் நின்னு, சுத்தி, நம்ம வீட்டுக்குக் கரண்ட் வாரதுக்குள்ள என் ரிட்டயர்மென்டே வந்திரும்" என்று எங்கள் கண்டக்டர் சலித்துக்கொண்டார்.

"நீங்க என்னத்துக்கு அண்ணாச்சி அவசரப்படுதிய, உங்களுக்குத்தான் நின்னாலும் சம்பளம்" என்றாள் மில் வேலைக்குப் போகிற ஒரு பெண். அவளுக்கு ஷிப்டு தவறிவிட்டது, ஆனாலும் வடையை நிதானமாகத்தான் தின்றாள்.

லாரிக்காரன் ஒருத்தன் மட்டும் யார் பேச்சையும் காதில் வாங்காமல் ஸ்டியரிங்கைத் திருப்புவதும் நிமிர்த்துவதுமாக இருந்தான். கடைசியில் ரெக்கை ஒரு கடையின் போர்டையும் உரசாமல் திரும்பிவிட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

ராஜா என்னை வாசலில் பார்த்ததும், "ரெக்கை லாரி வழியில நிக்குன்னாங்க, மத்தியானம் ஆயிரும்னு நெனச்சேன்ம்மா" என்றார். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் நாம் ஒரு வெற்றிலை போட்டுவிடலாம். குட்டிகள் பின்கட்டில் இருந்தன. ஐந்து குட்டி, எல்லாம் பால் வெள்ளை, ரோஸ் நிற மூக்கு. ஒன்றின் காதில் மட்டும் செம்மண் நிறத்தில் ஒரு திட்டு. அவர் வீட்டு அம்மா தெலுங்கில் "ரா ரா" என்று கூப்பிட்டதும் காலைச் சுற்றிக்கொண்டன. என் சேலையை அவற்றின் நடுவில் விரித்தார்கள்.

"எதை எடுக்கட்டும்?" என்றேன்.

"இன்னைக்கு எடுக்க வேண்டாம். சும்மா பாருங்க. நாளைக்கும் வந்து பாருங்க."

"எனக்கு ஒரு தடவை பாத்தாப் போதும்யா. கன்னுக்குட்டி வாலைப் பாத்தே சொல்லிருவேன்."

"இது கன்னுக்குட்டி இல்லியேம்மா" என்றார் அவர். அந்த அம்மா உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். பருப்புப் பொடி, நெய், புளிச்சக்கீரைத் துவையல். காரம் உச்சந்தலையைத் தொட்டது. எங்கள் ஊரில் இந்தக் காரத்தை மூன்று வீட்டுக்குப் பிரித்துப் போடுவோம். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள்தான் நான் தேர்ந்தெடுத்தது. போனபோது நான்கு குட்டிகள் விளையாடிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் என் சேலையில் மூக்கைப் புதைத்துத் தூங்கியது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மில்லில் சங்கு ஊதினான். நானே காதைப் பொத்திக்கொண்டேன். நான்கு குட்டிகளும் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டன. சேலையில் கிடந்தது ஒரு காதைக்கூட அசைக்கவில்லை.

அங்கேயே முடிவு செய்துவிட்டேன். மாட்டுக்காரர்களுக்கு இது முதல் பாடம். சத்தத்துக்கு மிரளுகிற கன்றை வைத்துக்கொண்டு எந்த வேலையும் செய்ய முடியாது. வெடிச் சத்தத்துக்கும் டிராக்டருக்கும் அசையாமல் நிற்பதுதான் குணமான கன்று. கிட்டப் போனேன். நான் இரண்டடி வைப்பதற்குள் அது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தது. பெண் குட்டி. பார்வையில் ஒரு அதிகாரம்.

"இதுதான்யா எனக்கு" என்றேன்.

ராஜா முகம் மாறியது. "அது வேண்டாம்மா. அது எங்க வீட்டோட இருக்கட்டும். அந்தக் காதுல திட்டு உள்ளதை எடுத்துக்கோங்க, மத்த மூணும் சொல்லி வச்சது."

நல்ல சரக்கை வீட்டுக்கு ஒதுக்கிவிட்டு, திட்டு விழுந்ததை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. "ரெண்டு வருசம் காத்துக் கிடந்திருக்கேன். எனக்கு ரெண்டாந்தரமா?" என்றேன்.

"அப்படி இல்லம்மா, அந்தக் குட்டிக்கு..."

"அஞ்சு புள்ளைய வளத்தவகிட்டக் குட்டியைப் பத்திப் பாடம் எடுக்காதிய."

அவர் அந்தக் குட்டியைத் தூக்கித் திரும்பவும் சேலையில் விட்டார். பிறகு, "நாளைக்கு வாங்க" என்றார். அவ்வளவுதான். பாக்கியத்திடம் போய், ராஜா மறைத்து வைத்த ராணியை நான் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி, அன்றைக்கு ராத்திரி முழுவதும் அவளைத் தூங்கவிடாமல் பெருமை பேசினேன்.

நான்காம் நாள் பாக்கியமும் கூட வந்தாள், ராணியைப் பார்க்க. ராஜா உள்ளே போனார். ஒரு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து வந்தார். என் குட்டி எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் நின்று தாம்பாளத்தை டணார் என்று கரண்டியால் அடித்தார். மற்றவை ஓடிவிட்டன. பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் குட்டி என் முந்தானையில் இருந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பவும் அடித்தார். அது கொட்டாவி விட்டது.

"ரொம்ப வெள்ளையாப் பிறக்கதுல சிலதுக்கு இப்படி ஆயிரும்மா" என்றார். "நேத்தே சொல்ல வந்தேன்."

எனக்கு முகம் கொதித்தது. பாக்கியம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. இவள் என் தங்கை.

திட்டுக் குட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வந்து என் காலை மோந்தது. நல்ல குட்டிதான். கூப்பிட்டால் வரும், ஆள் வந்தால் குரைக்கும். முருகேசன் கேட்டதும் அதுதான். அதை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் நான் யோசித்தேன். மணிக்கு என்ன ஆனது? எவனோ பன்னைக் காட்டிக் கூப்பிட்டான், வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டது. இதை எவன் கூப்பிட முடியும்? அதோடு நான் கிட்டப் போனபோது, தூக்கத்தில் இருந்த இது எப்படி எழுந்தது? தரையில் என் கால் அதிர்ந்தது அதற்குத் தெரிந்திருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அத்தனை வாய் பேசிவிட்டு, பாக்கியத்தின் முன்னால் என் பேச்சை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

"இதைப் பழக்க முடியுமாய்யா?"

"முடியும். மத்ததுக்கு மூணு மாசம்னா இதுக்கு ஒரு வருசம் ஆகும். ஒரு நாள்கூட விடாமப் பழக்கணும். வாயாலே ஒண்ணும் நடக்காது. தரையை மிதிங்க, கையைக் காட்டுங்க. தூங்கும்போது பின்னால போய்த் தொடாதிய. தெனமும் ஒரே சைகை. இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு மாத்துனா அது குழம்பிரும்."

"அக்காவுக்கு வாயை மூடிக்கிட்டு ஒரு வருசமா?" என்றாள் பாக்கியம். "நாய் பழகிரும். இவ பழகணுமே."

தைக்கு இன்னும் ஒரு வருடம்கூட இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் நான் இதை எடுக்காவிட்டாலும் அந்த மாதங்கள் கழியத்தான் போகின்றன. கையை நீட்டினேன். வெள்ளையம்மா என்று பெயர் வைத்தேன்.

"காது கேக்காததுக்குப் பேரு எதுக்கும்மா?" என்றார் ராஜா.

"கூப்பிட இல்லைன்னாலும் திட்டதுக்கு ஒரு பேரு வேணும்லா."

அன்றைக்குத்தான் அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் வயர்க்கூடையில் சேலையைச் சுற்றி வெள்ளையம்மாவை மடியில் வைத்திருந்தேன். அந்த டிரைவர் காரணமே இல்லாமல் ஹாரன் அடிக்கிற ஜாதி. முன்சீட்டுக் கைக்குழந்தை ஒவ்வொரு ஹாரனுக்கும் வீறிட்டது. கூடையில் ஒரு அசைவும் இல்லை.

கண்டக்டர் குனிந்து பார்த்தான். "என்ன ஆச்சி, பேத்திக்குப் பொம்மையா? நல்லாருக்கே."

"ஆமாய்யா" என்றேன். நாய்க்கு லக்கேஜ் டிக்கெட் உண்டா, இறக்கிவிடுவார்களா என்று எனக்குத் தெரியாது. அவன் பொம்மையின் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். பொம்மை அவன் விரலைக் கவ்விக்கொண்டது. அவன் போட்ட சத்தத்துக்கு டிரைவர் ஹாரனை நிறுத்தினார். அதற்குப் பிறகு வத்திராயிருப்பு வரைக்கும் பஸ்ஸில் அமைதி. கைக்குழந்தையின் தாய் இறங்கும்போது என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

முருகேசனுக்கு போன் செய்து, "குட்டி வந்திருச்சு" என்று மட்டும் சொன்னேன். காதைப் பற்றி அவனிடம் மூச்சு விடக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினேன்.

பயணம் அங்கே முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ராஜபாளையம் போய் வந்தது நான்கே நாள். அதற்குப் பிறகு நான் போனதுதான் தூரம். காலையில் பால் கறந்ததும் ஒரு தடவை, வெயில் தாழ்ந்ததும் ஒரு தடவை, நெல் காயப்போடுகிற சிமெண்டுக் களத்தில் இரண்டு பேரும் நிற்போம். காலை ஓங்கி மிதிப்பேன். திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு கருவாடு. உள்ளங்கையைக் காட்டினால் உட்கார வேண்டும். சித்திரை முழுவதும் அது கருவாட்டை மட்டும்தான் பார்த்தது. என் முழங்கால் வீங்கியது. பக்கத்துத் தோட்டத்துப் பேச்சி வேலியோரம் வந்து நின்றுகொள்வாள்.

"என்ன ஆச்சி, இந்த வயசுல டான்ஸு?"

"ஆமாட்டி. வாரியா, உனக்கும் ஒரு துண்டு கருவாடு தாரேன்."

ஆடியில் மிதித்தால் திரும்பியது. ஆவணியில் கையைக் காட்டினால் உட்கார்ந்தது. நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஐப்பசி மழை வந்தது, களத்துக்கு வெளியே தரையெல்லாம் சேறாகிவிட்டது. சேற்றில் மிதித்தால் என் கால்தான் உள்ளே போனது, அதிர்வு அதற்குப் போகவில்லை. ஒரு நாள் முயலைத் துரத்திக்கொண்டு மலைப் பக்கம் போய்விட்டது. கூப்பிட்டுப் பயனில்லை. வரப்பில் நின்று சிவப்புத் துண்டைத் தலைக்கு மேல் வீசிக்கொண்டே நின்றேன். தோள் இற்றுப்போயிற்று. இந்தக் கை வலித்தால் அந்தக் கை. வெயில் சாய்கிற நேரத்தில் தூரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது. கிட்ட வந்து, துண்டின் நுனியைக் கவ்விக்கொண்டு நின்றது. அன்றைக்கு நான் அதைத் திட்டவில்லை. மறுநாள் காலையிலிருந்து துண்டை வைத்து, முதலிலிருந்து திரும்பவும் ஆரம்பித்தோம்.

பொங்கலுக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் முருகேசன் காரில் வந்து இறங்கினான். நான் மாட்டுக்கொட்டத்தில் இருந்தேன். போன் அடித்தது.

"அம்மா, எங்க இருக்க? கேட்டுக்குக் கிட்டதான் நிக்கேன். கேட்டைத் தொறந்தா இது மேல வருது."

"யாருலே அது?"

"நான்தான்ம்மா. உன் மூத்த மகன்."

எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு உள்ளே வெள்ளையம்மா நிற்கிறாள், தோள் விரிந்து, கழுத்து நிமிர்ந்து. ஒரு குரைப்பு இல்லை. அவன் கேட்டுக் கம்பியில் கை வைத்தால் ஒரு எட்டு முன்னால் வருகிறாள், எடுத்தால் நின்றுவிடுகிறாள். முருகேசன் அதட்டிப் பார்த்தான், விசில் அடித்தான், கை தட்டினான். போலீஸ் குரல், தெருவே திரும்பும். இவள் கண்ணிமைக்கவில்லை. நான் அவசரப்படாமல் சாணிக் கையைக் கழுவிவிட்டு, கேட்டை ஒட்டின களத்தில் காலை ஒரு தடவை மிதித்தேன். திரும்பிப் பார்த்தாள். உள்ளங்கையைக் காட்டினேன். உட்கார்ந்தாள்.

முருகேசன் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தான். "எங்க டிபார்ட்மென்ட் நாய்க்குக்கூட இம்புட்டு ட்ரெயினிங் கிடையாதும்மா. அடுத்தவன் எம்புட்டுக் கத்தினாலும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குதே. எப்படிம்மா?"

"தெனமும் பழக்குனேன்லே" என்றேன். அது பொய் இல்லை.

காரில் என் சாமான்களை ஏற்ற இரண்டு பெரிய அட்டைப்பெட்டி கொண்டுவந்திருந்தான். போகும்போது அதில் தேங்காய் நிரப்பிக்கொண்டு போனான்.

இப்போது தை முடிந்து மாசி வந்துவிட்டது. அவன் ஸ்டேஷனில் எல்லோரிடமும் இந்த நாயைப் பற்றித்தான் பேச்சாம். யாரோ ஒரு அதிகாரி நாய் பழக்க என்னிடம் யோசனை கேட்க வேண்டும் என்கிறாராம். அதற்கு மேல் மறைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் மகள் வயிற்றுப் பேத்தி யாழினியை உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல இதை எழுத வைத்தேன். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், எழுதத்தான் விடிந்துவிடும்.

யாழினி, போதும் தாயி. உன் மாமாவுக்கு அனுப்புறதுக்கு முன்னால முதல்லேருந்து ஒரு தரம் வாசி. தை தாண்டியாச்சு, பேச்சு பேச்சுதான். இனி அவன் என்னை அசைக்க முடியாது. நல்லாச் சத்தமா வாசி. வெள்ளையம்மா தூங்குதேன்னு குரலைத் தாழ்த்தாத.